வீடு கூடவே வருகிறது, வாசல் எங்கே?

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, பேரன் பேத்திகளின் பள்ளிக்கூட விடுமுறையைத் தவிர வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாத நிலையை அடைந்த தம்பதிகள், வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு ஊர் ஊராய்ப் புறப்படுவது நம் தேசத்துக்குப் புதிய விஷயமன்று. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வருவதை வாழ்நாளின் கடைசிக் கடமைகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்த ஜனசமூகம் இது. புதிதாக வந்திருப்பது வாகனம் ஒன்றுதான். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கழிவறையும் உள்ளேயே அமைந்த மோட்டார் வண்டி, கேரவன் என்ற பெயரோடு இப்போது நம் சாலைகளிலும் அங்கொன்று இங்கொன்றாகத் தென்படுகிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியின் அழகை வர்ணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எங்களைப் போல ஒரு காலத்தில் வண்டியிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்றிவிட்டு, பிறகு பல வருஷங்கள் வீட்டோடு முடங்கிக் கிடந்து, தலை முழுவதும் நரைத்தபின் மறுபடியும் புறப்பட்டவர்களுக்கோ, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே பிரயாணம் முழுவதையும் நிர்ணயிக்கிற கேள்வி என்பது தெரியும். ஜவ்வாது மலையின் மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கு நானும் என் மனைவியும் போய்வந்ததை முன்னிட்டு, அந்த ஒரு விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டைக் கூடவே கொண்டுபோகும் பிரயாணம் என்றால் எனக்கு ஏனுகுல வீராசாமியின் ஞாபகம்தான் முதலில் வரும். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1830-ஆம் வருஷம் மே மாதத்தில், தாயாரையும் மனைவியையும் ஒரு பெரிய பரிவாரத்தையும் அழைத்துக்கொண்டு, பல்லக்கும் கூடாரங்களுமாகச் சென்னையை விட்டுப் புறப்பட்டுக் காசி, கயை முதலிய க்ஷேத்திரங்களைத் தரிசித்து, மறுவருஷம் செப்டம்பரில் ஊர் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய காசியாத்திரைச் சரித்திரம் 1838-ல் அச்சேறியது. கோயில்களைப் பற்றி அவர் சொல்வதைக் காட்டிலும், எந்த ஊரில் இறங்குவதற்கு இடம் இருந்தது, கிணற்று ஜலம் நன்றாயிருந்ததா, அரிசியும் விறகும் கிடைத்தனவா என்று ஊருக்கு ஊர் குறித்துக்கொண்டு போகிறாரே, அதுதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. அத்தனை ஆட்களின் வேலையை இன்றைக்கு ஒரு இஞ்சின் செய்துவிடுகிறது. அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடக் குறைந்தபாடில்லை.

மேல்நாட்டில் இந்த ஆசைக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. ஆங்கிலக் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-ல், உல்லாசப் பிரயாணத்துக்கென்றே குதிரைகள் இழுக்கும் ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்து வரையில் போனார். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், 1960-ல், லாரியின் மேல் ஒரு சிற்றறையைக் கட்டிக்கொண்டு தம் தேசத்தைச் சுற்றிவந்தபோது, வழியின் பெரும்பகுதியிலும் அவருக்குத் துணையாக இருந்தது அவருடைய நாய்தான். மனைவி இடையிடையே வந்து சேர்ந்துகொண்டார். இதை நான் வீட்டில் சொன்னபோது, "அதனாலதான் அவரால நிம்மதியாப் புஸ்தகம் எழுத முடிஞ்சுது" என்று என் மனைவி அபிப்பிராயம் சொன்னாள். ஆஸ்திரேலியாவிலோ, உத்தியோகம் விட்ட தம்பதிகள் குளிர்காலம் வந்ததும் கூட்டம் கூட்டமாக வடக்கே வண்டியோட்டிக்கொண்டு போவது ஒரு சாதாரண வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கெல்லாம் வண்டிகள் பெருகியதற்கு முன்னும் பின்னுமாக, அவை இரவு தங்குவதற்கான மைதானங்களும் பெருகின. மைதானம் என்றால் வெறும் பொட்டல் அன்று. குழாயும், மின்சார இணைப்பும், கழிவைக் கொட்டுவதற்கு மூடியிட்ட தொட்டியும் உள்ள இடம்.

நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்ற எண்ணமே இன்னும் மேலோங்கி நிற்கிறது. கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளம்' என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. நம் ஊர் ஓரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் பாரத்பென்ஸ் நிறுவனமே அதற்கான முதல் சொகுசு வண்டிகளில் ஒன்றுக்குச் சேஸிஸ் கொடுத்தது. அடுத்த வருஷமே வாகமன் மலையில் வண்டிகள் தங்க ஒரு பூங்காவும் அமைந்தது. தமிழ்நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா என்ற தலைப்பு இடம் பெற்றிருக்கிறது. தலைப்பு வந்துவிட்டது, தங்கும் இடங்கள் வரவேண்டும்.

எங்களுடையது இந்தக் கேரவன் ஜாதியைச் சேர்ந்ததன்று. அது ஒரு மாருதி ஆம்னி. பின்னாலுள்ள இருக்கையை மடக்கி, அதன்மேல் இரண்டு பலகைகளைப் பரப்பி, இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டால் படுக்கையறை. பின்கதவைத் தூக்கி அதன் நிழலில் ஐந்து கிலோ சிலிண்டரையும் ஒற்றை அடுப்பையும் வைத்தால் சமையலறை. பலகைகளை நாங்கள் நிலையாகப் பொருத்தவில்லை. ஏனென்றால், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடங்கொடுப்பதில்லை என்பதும், 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை இன்னும் கண்டிப்பாக எடுத்துச் சொல்லியிருக்கிறது என்பதும், வண்டியை மாற்றிக் கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை. முறைப்படி மோட்டார் கேரவன் என்று பதிவாக வேண்டுமானால், மேஜை நாற்காலி, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் அறை ஆகியவை இருந்தே தீரவேண்டும் என்று தரநிர்ணயம் இருக்கிறது. ஆம்னி அதையெல்லாம் கனவிலும் நினைக்க முடியாது. நான் சற்று உயரமானவனாகையால், காலை மடக்கிக்கொண்டுதான் அதில் தூங்க வேண்டும். ஆனாலும் அந்த வண்டியில்தான் நாங்கள் தனுஷ்கோடியையும் ஹம்பியையும் கோகர்ணத்தையும் பார்த்தோம்.

அப்புறம் நின்றுபோயிற்று. முதலில் என் தாயார் படுக்கையில் விழுந்தார். அவருக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்கவேண்டியிருந்தது. அவர் காலமான சிறிது காலத்துக்கெல்லாம் கொரோனா வந்து ஊரையே அடைத்தது. ஊரைத் திறந்துவிட்ட பிறகு என் மனைவியின் முழங்கால் தகராறு செய்தது. எனக்குக் கண்ணில் புரை விழுந்தது. இவற்றில் எந்த ஒரு காரணமும் பிரயாணத்தை நிரந்தரமாக நிறுத்தக்கூடியதன்று. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபடியால், போகாமலிருப்பதே வழக்கமாகி, வழக்கமே சௌகரியமாகி, சௌகரியம் கடைசியில் பயமாகிவிட்டது. "இனிமே எங்கேங்க போறது" என்று அவள் சொல்வதும், "ஆமாம், டி.வி.யிலேயே எல்லாம் காட்டுகிறான்" என்று நான் சொல்வதுமாக வருஷங்கள் கழிந்தன.

அந்தச் சமயத்தில் கொச்சி விஜயன், மோகனா தம்பதிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்தோம். ஒரு சிறிய டீக்கடையின் வருமானத்திலிருந்து நாளுக்கு முந்நூறு ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து கடையில் உழைத்துக் கடனை அடைத்து, மறுபடியும் கடன் வாங்கி, இருபத்தைந்துக்கு மேற்பட்ட தேசங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். கொரோனாவினால் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள், வழி திறந்ததும் 2021 அக்டோபரில் ருஷ்யாவுக்குப் போய்வந்தார்கள். வந்த மறுமாதமே விஜயன் காலமாகிவிட்டார். அவருக்கு எழுபத்தொரு வயது. இந்தச் செய்தியைப் படித்த என் மனைவி, துக்கப்படுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தபோது, "ருஷ்யாவைப் பார்த்துட்டுத்தானே போனார்" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் சென்று வண்டியின் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினாள்.

தார்ப்பாயின் கீழ் எலிகள் குடித்தனம் செய்துகொண்டிருந்தன. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரைக் கடித்துப் போட்டிருந்தன. மெத்தையின் ஒரு மூலையைப் பிரசவ அறையாக ஆக்கிக்கொண்டிருந்தன. பேட்டரி செத்துவிட்டது. டயரைப் பார்த்தால் பூ நன்றாகவே இருந்தது. ஆனால் பூவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக ஓர் எண் அச்சிட்டிருக்கும், முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு வருஷத்தையும் குறிக்கும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகிக்கொண்டுதான் இருக்கும். நான்கையும் மாற்றினோம். காஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது; அதையும் மாற்றினோம். வண்டிக்குப் பதினைந்து வருஷம் கடந்துவிட்டபடியால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இனி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சடங்கு உண்டு. எனக்கும் அதே சட்டம்தான் போலிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவனுக்கு ஓட்டுநர் உரிமத்தை ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அதற்கு டாக்டரின் சான்றிதழும் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். விடுதிகள் இருக்கும்போது எதற்காக வண்டியில் படுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நட்சத்திரங்களையும் சுதந்திரத்தையும் பற்றிப் பேசுவது நாகரிகம். உண்மையான காரணம் கழிவறை. முழங்கால் மடங்காத ஒரு பெண்மணிக்கு, மலையூர்களிலும் சிற்றூர்களிலும் உள்ள தரைமட்டக் கழிவறையானது ஊர்க்கதவையே சாத்திவிடுகிறது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கும் வயது எங்களுக்கு. ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடையில், மடக்கக்கூடிய கமோடு நாற்காலி ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றி நிறுத்த ஆள் உயரக் கூடாரம் ஒன்றும் வாங்கினோம். இந்த இரண்டு சாமான்கள் வந்த அன்றுதான் நாங்கள் மெய்யாகவே புறப்பட்டோம் என்று சொல்லவேண்டும். கூடவே, எனக்கு இன்சுலின் உண்டு. பிரிக்காத மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டுமாகையால், அகலவாய்ப் பிளாஸ்க்கில் பனிக்கட்டியைப் போட்டு, பனிக்கட்டியில் மருந்து படாதபடி துணி சுற்றி வைத்துக்கொள்ளும் வித்தையையும் கற்றுக்கொண்டோம்.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போகாமல் ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது அதிக உயரமில்லை, கூட்டமுமில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் மூச்சு வாங்காது. குளிரும் எலும்பைத் தொடாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சமவெளியில் நெல்லும் கரும்பும் இருபக்கமும் வர, அப்புறம் மலையடிவாரத்தில் காடு ஆரம்பிக்கிறது. எண்ணூறு சி.சி.கூட முழுதாக இல்லாத எங்கள் இஞ்சின், வளைவுகளில் முதல் கியரைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி, கண்ணாடியைப் பார்த்து, "பின்னாடி பஸ் வருது, ஒதுங்குங்க" என்று சொல்லும் பழைய உத்தியோகத்தை மறுபடியும் ஏற்றுக்கொண்டாள்; வீட்டிலிருந்த வருஷங்களில் அவளுடைய குரலில் அந்த அதிகாரம் எங்கோ ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

ஜமுனாமரத்தூர் ஒரு தாலுகாவின் தலைமையிடம். அரசு அலுவலகங்களும் பஸ் நிலையமும் டீக்கடைகளும் உர மூட்டைகளும் உள்ள ஊர். மலையாளி என்ற பழங்குடி மக்கள் இம்மலையின் பெரும்பான்மையோர், பேச்சு தமிழ்தான். சாமை இவர்களுடைய தானியம். தேனும் புளியும் பலாவும் சீத்தாப்பழமும் பருவத்துக்குத் தக்கபடி சாலையோரத்துக்கு வரும். கோலப்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். ஊருக்குச் சமீபத்தில் பீமன் அருவி விழுகிறது. கோடையில் அரசாங்கம் ஒரு விழாவும் நடத்துகிறது. குள்ளர் குகை என்று ஜனங்கள் சொல்லும் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் இம்மலையில் உண்டு. இவற்றையெல்லாம் பகலில் பார்ப்பதற்கு வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. சூரியன் சாய்ந்த பிறகு ஓர் ஆம்னி எங்கே ஒதுங்குவது என்பதற்கு மட்டும் பலகை இல்லை.

அருவிக்குப் போகும் வழியில் மரநிழலும் சமதரையும் உள்ள இடங்கள் இல்லாமலில்லை. ஆனால் சாலையை விட்டு இறங்கினால் அநேகமாக அது காப்புக்காடு. சந்தன மரத்துக்குப் பேர்போன மலையாகையால், இரவில் காட்டோரம் நிற்கும் வண்டியை வனத்துறையார் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. தவிர, 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, அனுமதியின்றிக் காட்டில் தங்குவதை இலேசாக எடுத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. மாசி முதல் வைகாசி வரையில் சருகு காய்ந்து கிடக்கும் இலையுதிர்காட்டில், காஸ் அடுப்பைப் பற்றவைப்பவன் பிறருடைய வீட்டுக் கூரையின்மேல் பற்றவைக்கிறான் என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே ஊருக்குள்ளேயே விசாரித்தோம். டீக்கடைக்காரர் காட்டிய வழியில் போய், ஒரு குடியானவரிடம் எங்கள் விருத்தாந்தத்தைச் சொன்னேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "லாட்ஜ் இருக்குதுங்களே ஐயா" என்றார். அதற்குள் என் மனைவி அவருடைய சம்சாரத்திடம் முழங்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டபடியால், மேற்கொண்டு எனக்கு வாதாட வேண்டிய அவசியம் நேரவில்லை. மலைச்சரிவில் சமமான தரை என்றால் அது பெரும்பாலும் களம்தான். அறுப்பு முடிந்து களம் காலியாக இருந்தது. நான் வண்டியை அதன்மேல் ஏற்றப்போனபோது அவர் ஓடிவந்து கையைக் காட்டினார்.

"அதுல சக்கரம் ஏறக் கூடாதுங்க. சாணி போட்டு மெழுகின தரை, பேந்துடும். அந்தப் புளியமரத்து ஓரமா விடுங்க. ராத்திரி பனி எறங்காது."

சாமை உதிரும் இடத்தில் செருப்பைக்கூட அவர் கழற்றிவிட்டுத்தான் நின்றார். புளியமரத்தடி சற்றுச் சரிவாக இருந்தது. சரிவில் நிற்கும் வண்டியில் இரவெல்லாம் தலைப்பக்கம் இரத்தம் இறங்கும். ஆகையால் இரண்டு தட்டைக் கல்லை எடுத்துப் பின்சக்கரங்களின் கீழே கொடுத்து, முன்சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்து, ஒரு சொம்பு நீரை வண்டியின் தரையில் வைத்து மட்டம் பார்த்தோம். அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, மெத்தையையும் திரையையும் மருந்துப் பெட்டியையும் கணக்கெடுத்துவிட்டு, "எல்லாம் இருக்குதும்மா, வாசல் எங்க?" என்று கேட்டாள். கோலம் போடுவதற்கும் வந்தவரை உட்காரவைப்பதற்கும் உள்ள வாசலைத்தான் அவள் கேட்டாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் களத்தின் ஓரத்தில் ஒரு பாயைக் கொண்டுவந்து அவளே விரித்தாள். அன்றிரவு நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. சாமைச் சோறும் கீரைக் கடைசலும் அந்தப் பாயின்மேலேயே வந்துவிட்டன. பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. மறுநாள் அவர்களிடமே தேனும் சாமையுமாக வாங்கிக்கொண்டு ஒருவாறு ஈடுசெய்தோம்.

இந்த உபசாரத்தை மெச்சிவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்வது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு வண்டி வந்தால் பாய் விரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் முப்பது வண்டிகள் வந்தால் என்ன செய்வார்கள்? எங்கள் கமோடு நாற்காலியின் கீழிருந்த வாளியை மறுநாள் காலையில் அந்தக் குடியானவர் வீட்டுக் கழிவறையில்தான் கொட்டிக் கழுவினோம், அவர்கள் முகஞ்சுளிக்கவில்லை, எனக்குத்தான் வெட்கமாயிருந்தது. முப்பது வண்டிகளின் வாளிகள் ஓடையைத்தான் தேடிப் போகும். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு சமவெளிக்கு இறங்கி, ஊர் ஊராக ஏரிகளை நிரப்பிக்கொண்டு பாலாற்றில் போய்ச் சேருகிறது. பீமன் அருவியில் சோப்புப் போட்டுக் குளிப்பவர் அந்த ஏரிகளில் எல்லாம் சோப்பைக் கரைக்கிறார் என்று சொன்னால் அது மிகையன்று. எங்கள் பாத்திரங்களை நாங்கள் சாம்பலும் தேங்காய் நாருமாகத் துலக்கி, நீரைப் புளியமரத்து வேரிலேயே ஊற்றினோம்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆலங்காயம் போகும் பாதையில் இருக்கிறது காவலூர். வானியல் அறிஞர் வேணு பாப்பு அவர்கள் நகரங்களின் வெளிச்சத்திலிருந்து விலகியதும், வடவானத்தோடு தென்வானத்தையும் கணிசமாகப் பார்க்கக்கூடியதுமான இடத்தைத் தேடி, 1960-களில் இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்து வானாய்வுக்கூடத்தை ஸ்தாபித்தார். 1972-ல் அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. வந்த அதே வருஷத்தில், வியாழனின் சந்திரனான கனிமீடுக்கு வாயுமண்டலம் உண்டு என்பதற்கான தடயம் கிடைத்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கண்டவர்களுள்ளும் காவலூர்க்காரர்கள் உண்டு. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் இயங்கத் தொடங்கியபோது பாப்பு உயிரோடு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார், அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். இம்மலையின் இருட்டு இவ்வளவு பிரயாசையோடு தேடிக் கண்டுபிடித்த செல்வம். அந்தச் செல்வத்தின் நடுவே வந்து நின்று, வண்டியைச் சுற்றிலும் வர்ண விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டு படம் எடுக்கும் நவீன நாகரிகத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் வண்டிக்குள் ஒரு சிறிய பல்பு, அதற்கும் திரை. மனைவி, நள்ளிரவில் எழுந்தவள், கூடாரத்திலிருந்து திரும்பும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு, "பால்வீதின்னு புஸ்தகத்துல போடுவானே, அது நெஜந்தாங்க" என்றாள்.

சத்திரம் கட்டிய ஊர்க்காரர்கள் நாம் என்பதை நினைவூட்டுவதற்கு ஒரு பழைய கடிதம் இருக்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801-ல், ராமேசுவரம் போகும் வழியிலுள்ள தம் சத்திரங்களைக் கும்பினியார் கையகப்படுத்திவிடலாகாது என்பதற்காக ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் அது. பிரயாணிகளுக்கு ஜாதி பேதமின்றி அன்னமளிப்பது, நோயுற்றவருக்கு வைத்தியரைக் கொண்டு சிகிச்சை செய்விப்பது, வழியில் பிரசவிக்கும் பெண்ணைப் பேணுவது, பெற்றோரை இழந்த குழந்தைகளைப் படிக்கவைப்பது என்று அவர் வரிசைப்படுத்திக்கொண்டு போவதைப் பார்த்தால், சத்திரம் என்பது நாலு சுவரும் ஒரு திண்ணையும் மட்டுமன்று என்பது புலப்படும். அடுத்த வருஷமே, 1802-ல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தையும் அவர் ஏற்படுத்தினார். வழிப்போக்கர்களில் யார் பலவீனர் என்று யோசித்து அவருக்குத் தக்கபடி இடத்தை அமைத்தார்கள்.

அதே கண்கொண்டு பார்த்தால் ஜமுனாமரத்தூருக்கு வேண்டியது பெரிய காரியமன்று. காட்டையும் பட்டாவையும் தொடாத புறம்போக்கில், பத்து வண்டிகளுக்கு மேல் இடங்கொடாத, கல் பாவிய மட்டமான தரை, ஒரு குழாய், வாளியைக் கொட்ட மூடிய தொட்டி, கைப்பிடி வைத்து, உட்காரும் உயரத்தில் அமைத்த இரண்டு கழிவறைகள், தரையை நோக்கிக் கவிழ்ந்த விளக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் ஊரிலேயே இருக்கிறது. இந்தத் தங்குமிடத்தை நடத்தும் பொறுப்பையும் சோறு பொங்கிப் போடும் உரிமையையும் மலைப்பெண்களின் சுய உதவிக் குழுவிடம் விட்டுவிட்டு, வாடகையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பத்துக்கு மேல் பதினோராவது வண்டி வந்தால் போளூருக்குத் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் வேண்டும். சொகுசு வண்டிக்கு மானியம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் அதிகாரிகள், அதில் ஒரு வண்டியின் விலைக்கு இப்படி ஓர் இடம் அமைக்க முடியாதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொகுசு வண்டியில் வருகிறவர் எங்கேயும் தங்கிக்கொள்வார். ஆம்னியில் வருகிறவர்களுக்கும், வாடகை வேனில் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போகும் கிழவிகளுக்கும்தான் அந்தக் கைப்பிடி வைத்த கழிவறை தேவை.

திரும்பும்போது நாங்கள் போளூர்ப் பக்கம் இறங்கவில்லை. காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கினோம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும் என்பதை, மறந்துபோன பாடம் திரும்பவும் வாய்க்கு வருவதைப்போலக் கால் தானாகவே செய்தது. அப்படியும் வாணியம்பாடியை எட்டும்போது சக்கரத்தின் பக்கத்திலிருந்து கருகிய வாசனை வந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினோம். கழிவறையும் வெளிச்சமும் காவல்காரரும் உள்ள அந்த இடந்தான் இன்றைய தேதிக்கு எங்களைப் போன்றவர்களின் சத்திரம். டீசல் லாரிக்காரர்களோடு சேர்ந்து நாங்களும் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டோம். மனைவி மெக்கானிக்கை ஃபோனில் கூப்பிட்டு, லைனிங்கை மாற்ற வேண்டும், எந்தக் கிழமை வரட்டும் என்று விசாரித்தாள். பேசி முடித்தபின் என் பக்கம் திரும்பி, "கொல்லிமலைக்கு எழுபது வளைவாமே, அதுக்குள்ள இதெல்லாம் சரியாயிடுமாங்க?" என்று கேட்டாள்.